பெயர் தெரியாத விடுதிக்கு விலை கூறுதல்

கோடை விடுமுறைக்குப் பாடசாலைகள் மூடப்பட்டதும் ஐரோப்பாவெங்கும் சிதறி வாழும் எம்மவர்களின் குடும்பப் பயணங்கள் தொடங்கிவிடுகின்றன. பாரிஸிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் டோர்ட்முண்டிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் புறப்படுவோர் நாடும் ஊர்களில் ஒன்று, சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோ. கடலையும் வெயிலையும் தேடி மட்டும் எம்மவர் அங்கு செல்வதில்லை. ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர் அங்கே இருப்பார். அவருடைய மகளுக்குச் சாமத்தியச் சடங்கு வரும். மாமி ஒருவரின் ஆண்டுத் திவசம் வரும். இவை எதுவும் இல்லாவிடினும் யூலை 14இல் நகரத்தின் காவற்புனிதை சாந்தா ரொசாலியாவின் பெருவிழா வரும். செப்ரெம்பர் 4இல் பெல்லெக்ரீனோ மலையிலுள்ள அவருடைய குகைக் கோவிலின் திருநாள் வரும்.

1624இல் பலெர்மோவைக் கொள்ளைநோய் வாட்டியபோது அந்த மலைக் குகையில் கண்டெடுக்கப்பட்ட எலும்புகளை நகரத்தைச் சுற்றி எடுத்துச் சென்றதால் நோய் நீங்கியது என்பது அந்நகர மக்களின் நம்பிக்கை. சுமார் 600 மீற்றர் உயரமுள்ள அந்த மலையில் ஏறுவோரில் கத்தோலிக்கத் தமிழர் மட்டுமன்றிச் சைவத் தமிழரும் பெருந்தொகையாக இருப்பது பலெர்மோ மக்களுக்கே பழகிப்போன காட்சி. மடுவுக்கும் கதிர்காமத்துக்கும் கால்நடையாகப் போன மக்களுக்கு இந்த மலை அந்நியமாகத் தோன்றவில்லை.

சரி, போகலாம். எங்கே தங்குவது?

இந்தக் கேள்வியை எம்மவர் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. உறவினர் வீடு இருக்க விடுதியில் தங்குவதா? "எங்கட வீடு இருக்கேக்கை உங்களுக்கு ஹோட்டலோ?" என்று அண்ணர் கேட்டுவிட்டால் அது அடுத்த பத்து ஆண்டுகளுக்கும் மறக்கப்படாது. ஆயினும் அந்த வீட்டின் நிலையை நாம் அறிவோம். பழைய நகரத்தின் ஒடுங்கிய தெருவில், மூன்றாம் மாடியில், இரண்டு அறைகளும் ஒரு குளியலறையும் கொண்ட வீடு அது. அண்ணர் விடியற்காலையில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலைக்குப் புறப்பட வேண்டும். அண்ணி மாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யச் செல்ல வேண்டும். அந்த வீட்டுக்குள் பிள்ளைகளோடு ஐந்து பேர் போய் இறங்கினால், வரவேற்பவரின் வாய் சிரிக்கும். குளியலறைக்கு முன்னால் வரிசை நீளும். ஆகவே அண்மைக் காலத்தில் பகலெல்லாம் உறவினர் வீட்டிலும் இரவு மட்டும் அருகிலுள்ள விடுதியிலும் என்று ஒரு சமரச ஏற்பாடு எம்மிடையே வளர்ந்து வருகிறது. அண்ணருக்கும் மனத்தாங்கல் இல்லை, குளியலறையும் தப்பியது. விலைதான் பாக்கி.

விலை என்ற இடத்தில்தான் கணனி வழியாக விலை கூறி அறை எடுக்கும் முறை பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. "இணையத்தில் ஏலம் கேட்டால் பாதி விலைக்கு அறை கிடைக்குமாமே" என்று எம்மிடம் கேட்போர் இன்றும் உளர். அந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதி காலாவதியான உண்மை.

துண்டுக்குள் விரல்

1998இல் அமெரிக்காவின் கனெற்றிகட் மாநிலத்தில் ஜே வோக்கர் என்பவர் பிறைஸ்லைன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் விமானச் சீட்டுகளும் பின்னர் விடுதி அறைகளும் அங்கே விற்பனைக்கு வந்தன. கடைக்காரன் விலை சொல்ல வாங்குபவன் குறைத்துக் கேட்பதே உலக வழக்கம். இங்கே வாங்குபவனே முதலில் விலை சொன்னான். எந்த நகரம், நகரத்தின் எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரத் தரம், எந்தத் திகதி என்பவற்றைக் குறிப்பிட்டு, "இவ்வளவுதான் தருவேன்" என்று ஒரு தொகையை எழுதி, கடனட்டை இலக்கத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அந்தத் தொகைக்கு ஏதாவது ஒரு விடுதி இணங்கினால் அந்தக் கணமே பணம் கழிக்கப்படும். விடுதியின் பெயர் அதன் பின்னர்தான் தெரியவரும். பெயரைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல முடியாது, திகதியை மாற்ற முடியாது, பணமும் திரும்பாது. இம்முறைக்கு அந்த நிறுவனம் அதே ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்கக் காப்புரிமை கூடப் பெற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் எக்ஸ்பீடியா இதே போன்ற முறையைக் கையாண்டபோது வழக்குத் தொடுத்தது. 2001இல் அந்த வழக்கு இணக்கத்தில் முடிந்தது.

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளைக் கண்டவர்களுக்கு இதில் பெரிய புதுமை தோன்றாது. அங்கே தரகர்கள் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, துண்டுக்குள் விரல்களைப் பிடித்தே விலை பேசுவார்கள். அருகில் நிற்பவனுக்கு என்ன விலை என்று தெரியாது. தெரிந்தால் அடுத்த மாட்டுக்காரனும் அந்த விலையையே கேட்பான் அல்லவா? ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். மாட்டுச் சந்தையில் விலைதான் மறைவு. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், சுழி பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். இங்கோ மாடும் துண்டுக்குள்ளேயே நின்றது.

விடுதிக்காரர் ஏன் இதற்கு இணங்கினார்? இன்றிரவு வெறுமையாகக் கிடக்கும் அறையை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. சந்தை கலையும் நேரத்தில் கீரைக்கட்டுக்கு என்ன நிகழ்கிறதோ அதுவே அந்த அறைக்கும் நிகழ்கிறது. திருநெல்வேலிச் சந்தையில் மாலையாகும்போது கிடைத்த விலைக்குக் கட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன கிழவியின் கணக்கும், பெரிய விடுதிகளின் வருமான முகாமையாளர் போடும் கணக்கும் ஒன்றே. அறை நிரம்பினால் மேலதிகச் செலவு படுக்கை விரிப்புச் சலவை, சவர்க்காரம், தண்ணீர், மின்சாரம், துப்புரவுக்குரிய நேரம் ஆகியவை மட்டும். அதற்கு மேல் எது கிடைத்தாலும் இலாபம். ஆனால் "எமது விடுதியில் பாதி விலை" என்று வெளிப்படையாக எழுதி வைத்தால், முழு விலை கொடுத்து வந்தவர் கோபிப்பார். நாளை வருபவரும் பாதி விலையே கேட்பார். பெயரை மறைத்து விற்றதன் காரணம் இதுவே. பொறுமையும் நெகிழ்வும் உள்ள ஏழைப் பயணியைப் பொறுமையில்லாத பணக்காரப் பயணியிலிருந்து பிரித்தெடுக்கும் சல்லடை என்று அதைச் சொல்லலாம்.

இடையில் நின்றவருக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்ப்போம். ஒரு விடுதி தனது அறையை 60 டொலருக்குத் தர இணங்கி அந்த விலையை இரகசியமாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது என்று கொள்வோம். நீங்கள் 75 டொலர் என்று எழுதினால் அறை உங்களுக்கு. மேலதிகமான 15 டொலர் இடைநின்ற நிறுவனத்துக்கு. நீங்கள் 55 என்று எழுதியிருந்தால் மறுப்பு. மறுக்கப்பட்டவர் அதே விபரங்களோடு உடனே மீண்டும் கேட்க முடியாது. ஒரு நாள் பொறுத்திருக்க வேண்டும், அல்லது பகுதியையோ தரத்தையோ திகதியையோ மாற்ற வேண்டும். இந்த விதியில் ஒரு பொந்து இருப்பதைக் கெட்டிக்காரப் பயணிகள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். நான்கு நட்சத்திர விடுதியே இல்லாத ஒரு பகுதியைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால், கேட்ட பகுதிகள் மாறிவிட்டன என்ற கணக்கில் இன்னொரு முறை விலை கூறலாம். அந்தப் பகுதியில் அறை விழும் ஆபத்தும் இல்லை. எந்தச் சட்டத்துக்கும் ஒரு பொந்து உண்டென்பதை வெளிநாட்டுக் காரியாலயங்களில் வரிசையில் நின்று கற்றுக்கொண்ட எம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விலை உடனே ஏற்கப்பட்டபோது வந்த மனவருத்தம் தனிக் கதை. மறுத்தால் கவலை, ஒரே நொடியில் ஏற்றுக்கொண்டால் "இன்னும் பத்து டொலர் குறைத்துக் கேட்டிருக்கலாமோ" என்ற அதைவிடப் பெரிய கவலை.

அந்த முறைக்கு என்ன ஆயிற்று?

விமானச் சீட்டுகளுக்கு விலை கூறும் வசதியைப் பிறைஸ்லைன் 2016இல் நிறுத்தியது; அதன் வியாபாரத்தில் அந்தப் பழைய முறை படிப்படியாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டது. காத்திருந்து, யோசித்து, தொகை எழுதி, மறுக்கப்பட்டு, மீண்டும் எழுதும் பொறுமை பெரும்பாலான மக்களுக்கு இல்லாமற் போயிற்று. கைத்தொலைபேசியில் விரலால் தொட்டதும் காரியம் முடிய வேண்டும். இன்று எஞ்சியிருப்பது அதன் அரைப்பங்கு: விலையை அவர்களே சொல்வார்கள், பெயரை மட்டும் மறைப்பார்கள். 2000இல் தொடங்கிய ஹொட்வயர் அமெரிக்காவில் அந்த வழியை வகுத்தது. ஐரோப்பாவில் 1998இல் லண்டனில் தொடங்கிய லாஸ்ற்மினிற் டொட் கொம் இரகசிய விடுதி என்ற பெயரில் அதையே செய்தது.

இதில் வேடிக்கை என்னவெனில், பிறைஸ்லைனுக்குப் பெருஞ்செல்வம் ஈட்டிக் கொடுத்தது ஏலம் அன்று. 1996இல் நெதர்லாந்தில் தோன்றிய ஒரு சிறிய முன்பதிவு நிறுவனத்தை அது 2005இல் 130 மில்லியன் டொலருக்குச் சற்று மேலான விலைக்கு வாங்கியது. அதுதான் புக்கிங் டொட் கொம். ஏலமும் இல்லை, மறைப்பும் இல்லை. விடுதியின் பெயரும் விலையும் படமும் பட்டப்பகலில் நிற்கும். முன்பதிவு ஒவ்வொன்றிலும் விடுதிக்காரரிடம் கழிவுப் பணம் எடுத்துக்கொள்ளப்படும். அந்தப் பிள்ளை தாயை விழுங்கும் அளவுக்கு வளர்ந்து, 2018இல் தாய் நிறுவனமே புக்கிங் ஹோல்டிங்ஸ் என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது.

பலெர்மோவுக்குப் போகும் எமது வாசகருக்கு இந்தக் கதையின் பயன் இனித்தான் வருகிறது. விடுதிக்காரர் கொடுக்கும் கழிவு பொதுவாக நூற்றுக்கு 15 அளவிலும் சிலவேளை அதற்கு மேலும் இருக்கும். முன்னர் இந்தப் பெருநிறுவனங்கள் தமது ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை வைத்திருந்தன. தம்மிடம் காட்டிய விலையை விடக் குறைந்த விலையை விடுதிக்காரர் வேறெங்கும் தரக்கூடாது என்பதே அது. 2015இல் இத்தாலி, பிரான்ஸ், சுவீடன் ஆகிய நாடுகளின் போட்டிக் கண்காணிப்பு அமைப்புகள் அந்த நிபந்தனையைத் தளர்த்த வைத்தன. இத்தாலி அத்தோடு நிற்கவில்லை. 2017 ஓகஸ்ட் 4ஆம் திகதிய 124ஆம் இலக்கச் சட்டம், விடுதிக்காரரின் கையைக் கட்டும் அத்தகைய நிபந்தனை எதுவும் செல்லாது என்று அறிவித்தது. 2024 செப்ரெம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும், புக்கிங் டொட் கொம் ஒரு யேர்மன் விடுதியோடு நடத்திய வழக்கில், அத்தகைய நிபந்தனை அவ்வாறான ஒரு முன்பதிவுத் தளத்துக்கு இன்றியமையாதது என்ற வாதத்தை ஏற்க மறுத்தது.

அதாவது, பலெர்மோ விடுதிக்காரர் உங்களுக்குத் தொலைபேசியில் குறைந்த விலை சொல்வதை இன்று எவரும் தடுக்க முடியாது. துண்டுக்குள் விரல் பிடிக்கும் அந்தப் பழைய வேலையைக் கணனி இல்லாமலே செய்யலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இணையத்தில் ஓர் அறையின் விலை இரவுக்கு 80 யூரோ. மூன்று இரவுக்கு 240. நூற்றுக்கு 15 கழிவு என்றால் 36 யூரோ இடைத்தரகருக்குப் போகும். விடுதிக்காரர் கையில் 204. நீங்கள் நேரடியாக அழைத்து, "210 தருகிறேன்" என்றால் அவருக்கு 6 யூரோ அதிகம். உங்களுக்கு 30 யூரோ மிச்சம். பெரிய சங்கிலி விடுதிகளில் தொலைபேசியை எடுப்பவருக்கு விலையைக் குறைக்கும் அதிகாரம் இராது. ஆனால் பலெர்மோவின் பழைய நகரத்தில், ஒரு கட்டடத்தின் ஒரே மாடியில் எட்டு அல்லது பத்து அறைகளை வைத்து நடத்தும் குடும்ப விடுதிகள் நிறைய உண்டு. அங்கே தொலைபேசியை எடுப்பவரே முதலாளி. "ஸ்கொன்தோ" என்ற ஒரு சொல் தெரிந்தாற் போதும். அதைவிடச் சிறந்தது, உங்களுக்காக அண்ணரைப் பேசச் சொல்வது. முப்பது ஆண்டுகள் பல்லாரோச் சந்தையில் தக்காளிக்கும் மீனுக்கும் விலை பேசிய ஒருவரின் சிசிலிய மொழிக்கு முன்னால் எந்தக் கணனி நிற்கும்? வீட்டில் தங்கவில்லையே என்ற அவருடைய குறையும் பாதி தீரும்.

காலம் அறிந்து கேட்க வேண்டும். உயிர்த்த ஞாயிறு வாரத்திலும், யூலை நடுப்பகுதியிலும், ஓகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களிலும் விலை குறைத்துக் கேட்பது வீண் பேச்சு. நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை, நத்தார் புதுவருட நாட்கள் நீங்கலாக, கேட்டால் கிடைக்கும். ஞாயிறு இரவு, சனி இரவை விட மலிவு.

மலிவு விலையை யார் கொடுக்கிறார்?

இங்கே சற்று நிற்போம். மலிவு அறையை வாங்குபவரும் எம்மவர். அந்த அறையைத் துப்புரவு செய்பவரும் பல நகரங்களில் எம்மவர். இதை எழுதாமல் விடுவது எமக்கு நேர்மையாகப் படவில்லை.

பலெர்மோத் தமிழரின் வரலாறே இந்த உழைப்பின் வரலாறு. எண்பதுகளில் அங்கே வந்து இறங்கியவர்களுக்கு அகதி என்ற சட்டப் பெயர் கிடைக்க வழியிருக்கவில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிட்ட இத்தாலி, பொதுவாக ஐரோப்பாவிலிருந்து வருவோரையே அகதிகளாக ஏற்பதென்ற புவியியல் வரம்பை வைத்திருந்தது. 1990 பெப்ரவரி 28ஆம் திகதிய 39ஆம் இலக்கச் சட்டம், மார்த்தெல்லிச் சட்டம் என்று எம்மவரால் இன்றும் நினைவுகூரப்படுவது, அந்த வரம்பை நீக்கியது. அதே சட்டம் அப்போது நாட்டில் இருந்தவர்களுக்கு வதிவிட உரிமையை ஒழுங்குபடுத்தவும் வாய்ப்பளித்தது. ஆகவே யேர்மனியிலும் பிரான்சிலும் அகதியாகப் பதியப்பட்ட அதே ஊரவர், பலெர்மோவில் வேலை அனுமதி பெற்ற தொழிலாளியாகப் பதியப்பட்டார். வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு, உணவகச் சமையலறை, விடுதித் துப்புரவு: இவையே அந்த அனுமதியைப் புதுப்பித்துக் கொடுத்த வேலைகள். வேலை போனால் தாளும் ஆட்டங்காணும்.

ஓர் அறை 120க்குப் பதிலாக 60க்கு விற்கப்படும்போது, குறைந்த அந்த 60 எங்கிருந்தோ ஈடுசெய்யப்பட வேண்டும். வாடகையிலும் மின்சாரத்திலும் கழிவுப் பணத்திலும் விடுதிக்காரரால் அதிகம் பிடிக்க முடியாது. பிடிக்கக்கூடிய இடம் கூலி. துப்புரவு வேலையை வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்பந்தத்துக்குக் கொடுப்பது ஐரோப்பா முழுவதும் பரவிய வழக்கம். ஒப்பந்தத் தாளில் மணிக்கணக்கில் சம்பளம் எழுதப்பட்டிருக்கும். நடைமுறையில் ஒரு மணிக்கு இத்தனை அறை என்ற இலக்கு இருக்கும். அந்த இலக்கை முடிக்காதவர் முடிக்கும் வரை நிற்பார், அந்த நேரம் கணக்கில் வராது. குளியல் தொட்டிக்கு மேல் குனிந்து குனிந்து முதுகு போனவர்களை எமது வாசகர்களின் குடும்பங்களிலேயே காணலாம்.

பாரிஸ் வாசகர்களுக்கு 17ஆம் வட்டாரத்து இபிஸ் பத்தினோல் விடுதியின் வேலைநிறுத்தம் நினைவிருக்கும். 2019 யூலையில் அங்கே ஒப்பந்த நிறுவனத்தின் கீழ் வேலை செய்த துப்புரவுத் தொழிலாளர் தெருவில் இறங்கினார்கள். பெரும்பாலோர் ஆபிரிக்காவிலிருந்து வந்து குடியேறிய பெண்கள். விடுதியின் வாசலில் பறை கொட்டி, பாடி, ஆடி நின்ற அந்தப் போராட்டம் கொரோனாக் காலத்தையும் தாண்டி 2021 மே வரை 22 மாதங்கள் நீடித்து, வேலை வேகக் குறைப்பு, சம்பள உயர்வு, சாப்பாட்டுப் படி ஆகியவற்றோடு வெற்றியில் முடிந்தது. முன்னின்றவர்களில் ஒருவரான ரஷேல் கெக்கே 2022 யூனில் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கே தெரிவானார். ஸ்பெயினில் விடுதி அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்கள் லாஸ் கெல்லிஸ் என்ற பெயரில் தமக்கென ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். "துப்புரவு செய்பவர்கள்" என்ற ஸ்பானியத் தொடரின் ஓசையிலிருந்து விளையாட்டாக எடுக்கப்பட்ட பெயர் அது.

இதைப் படித்துவிட்டு மலிவு அறையை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. விலையைக் குறைத்தவர் வேறு, வாங்கியவர் வேறு. இடைத்தரகரின் 36 யூரோவிலிருந்து குறைப்பதும், துப்புரவு செய்பவரின் கால் மணிநேரத்திலிருந்து குறைப்பதும் ஒன்றல்ல என்பதே எமது கருத்து. தொலைபேசி வழியை நாம் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். புறப்படும் காலையில் மேசை மேல் இரண்டு யூரோ நாணயம் ஒன்றை வைத்துவிட்டு வருவதும், ஈரத் துவாய்களை ஓரிடத்தில் குவித்து வைப்பதும் எந்த நட்சத்திரத் தர விடுதியிலும் தடைசெய்யப்படவில்லை. அறையில் மின்சாரச் சோற்றுப்பானையை வைத்துப் புளிச்சாதம் காய்ச்சுவது மட்டும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. புகை எச்சரிக்கை மணி அடித்தபின் அதற்கு விளக்கம் சொல்லும் அளவுக்கு இத்தாலிய மொழி எவருக்கும் வராது.

ஏமாறும் இடங்கள்

பெயர் மறைத்த அறையை எடுக்கத் துணிந்தவர் முதலிற் பார்க்க வேண்டியது வரைபடத்தை. "பலெர்மோ" என்று எழுதியிருப்பதெல்லாம் பலெர்மோ அல்ல. விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில், சீனிசி என்ற வேறொரு ஊரின் எல்லையில் இருக்கிறது. அதன் சுற்றுப்புறத்து விடுதி ஒன்று மலிவாக விழுந்துவிட்டால், மிச்சம் பிடித்ததைப் புகையிரதத்துக்கும் வாடகை வண்டிக்கும் அழ வேண்டிவரும். சாந்தா ரொசாலியா மலைக்கு நடந்து ஏறுவோர் நகரின் வடக்கே மலையடிவாரத்திலிருந்து தொடங்குவார்கள். மத்திய புகையிரத நிலையத்துக்கு அருகே தங்கினால் பேருந்தில் போக வேண்டும். ஆனால் பழைய நகரமும் தமிழ்க் கடைகளும் பல்லாரோவும் நிலையத்துக்குத்தான் அருகே. வாகனத்தில் வருவோர் பழைய நகரத்துக்குள் அனுமதியின்றி நுழைந்தால், பல மாதங்களின் பின் தண்டப் பத்திரம் வீட்டுக்கு வரும்.

நட்சத்திரத்தை நம்பி அழகை எதிர்பார்க்கக் கூடாது. அது அறையின் பரப்பு, வரவேற்பு மேசை திறந்திருக்கும் நேரம், குளியலறை வசதி போன்றவற்றை எண்ணிக் கொடுக்கப்படுவது. பெயர் மறைத்த அறைகள் வழக்கமாக இரண்டு பேருக்கானவை. மூன்று பிள்ளைகளோடு போய் நின்று "ஒரு பாய் விரித்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் எடுபடாது. விடுதிக்காரர் தங்குவோர் ஒவ்வொருவரையும் பதிய வேண்டும். நகரசபையின் தங்கல் வரி அறைக் கட்டணத்துக்குப் புறம்பாக, ஆளுக்கும் இரவுக்கும் எனக் கணக்கிடப்படும். இணையத்தில் முழுப்பணமும் கட்டியவரும் அதை அங்கே தனியாகக் கொடுக்க நேரலாம்.

பெயர் இன்னொரு வில்லங்கம். எம்மவரின் ஆவணங்களில் தகப்பன் பெயர் எங்கே, சொந்தப் பெயர் எங்கே என்பது நாட்டுக்கு நாடு மாறிக் கிடக்கிறது. பதிவு ஒரு பெயரில், கடனட்டை மகனின் பெயரில், பயணப் பத்திரம் மூன்றாவது எழுத்துக் கூட்டலில் என்று மூன்றும் மூன்று திசையில் நின்றால், நள்ளிரவில் வரவேற்பு மேசையில் நிற்பவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. பணம் திரும்பாத பதிவில் அந்தச் சந்தேகத்தின் விலையை நீங்களே கொடுக்க நேரும். பதிவு செய்யும்போது ஆவணத்தில் உள்ள எழுத்துக் கூட்டலையே எழுதுங்கள். அட்டை பிறருடையதானால் முன்கூட்டியே விடுதிக்கு அறிவித்து, ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஆவணம். இது பணத்தோடு முடிகிற விடயம் அல்ல என்பதால் எமது வாசகர்கள், விசேடமாக வழக்கு முடியாமல் இருப்போர், கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். இத்தாலியில் 1931ஆம் ஆண்டின் பொதுப் பாதுகாப்புச் சட்டக் கோவையின் 109ஆம் பிரிவின்படி, அடையாளப் பத்திரம் காட்டாதவருக்கு எந்த விடுதியும் அறை கொடுக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டவர் கடவுச்சீட்டையோ, சர்வதேச உடன்பாடுகளின்படி அதற்கு ஈடானதாகக் கொள்ளப்படும் புகைப்படத்தோடு கூடிய பத்திரத்தையோ காட்ட வேண்டும். தங்குவோரின் விபரங்களை விடுதி 24 மணித்தியாலத்துக்குள் பொலிஸ் தலைமையகத்துக்கு இலத்திரனியல் வழியில் அனுப்பும். ஓரிரவு மட்டும் தங்குவோராயின் 6 மணித்தியாலத்துக்குள். சிறிய குடும்ப விடுதிகளுக்கும் வாடகைக்கு விடப்படும் வீடுகளுக்கும் இதே விதிதான்.

அகதி அந்தஸ்துப் பெற்று, 1951 உடன்படிக்கையின் கீழ் வழங்கப்படும் பயணப் பத்திரமும் செல்லுபடியாகும் வதிவிட அட்டையும் வைத்திருப்பவர் இரண்டையும் கையோடு கொண்டுபோனால் இடைஞ்சல் இராது. தஞ்சக் கோரிக்கை விசாரணையில் இருக்கும் ஒருவருக்கு, அவர் கோரிக்கை வைத்த நாட்டைக் கடந்து இன்னொரு நாட்டுக்குச் செல்லும் உரிமை பொதுவாகக் கிடையாது. பணம் கட்டிய விடுதிப் பதிவு அந்த உரிமையைத் தராது. யேர்மனியில் டுல்டுங் பத்திரத்தோடு இருப்பவர் நாட்டை விட்டு வெளியேறிய கணத்திலேயே அந்தப் பத்திரம் சட்டப்படி காலாவதியாகிறது. சுவிஸில் தற்காலிக அனுமதியான எவ் அட்டையோடு இருப்பவர் வெளிநாடு செல்ல, திரும்பி வருவதற்கான விசாவை முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும். அதுவும் குறிப்பிட்ட சில காரணங்களுக்கே கிடைக்கும். இந்த நிலையில் உள்ளவர்கள் அறைக்கு விலை கேட்பதற்கு முன் தமது சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும். அண்ணரின் மகளுடைய சடங்குக்கு இந்த ஆண்டு போக முடியாவிட்டால், பலெர்மோவிலிருந்து அண்ணர் இங்கு வருவதற்கு அவருடைய வதிவிட அட்டையும் கடவுச்சீட்டும் போதும். அப்போது குளியலறைக்கு முன்னால் வரிசை எமது வீட்டில் நிற்கும்.